‘டிசைன்’ என்னும் சொல்: பிறப்பும் பொருள் மாற்றமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் ‘டிசைன்’ என்னும் சொல் நாள்தோறும் வழங்குகிறது. அதனை நெசவாளர் ஒரு பொருளிலும், கொள்முதல் செய்வோர் வேறொரு பொருளிலும், சட்டம் மற்றொரு பொருளிலும் ஆளுவதால் பிணக்குகள் விளைகின்றன. ஆகவே அச்சொல்லின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

சொல்லின் பிறப்பு

லத்தீன் மொழியில் ‘சிக்னும்’ என்பது அடையாளம். அடையாளமிட்டுக் குறித்தலை உணர்த்தும் வினை அதிலிருந்து பிறந்தது. இத்தாலியில் அது ‘டிசேன்யோ’ ஆகி, கலைஞன் மனத்தில் எழும் கருத்தையும் கை வரையும் கோட்டையும் ஒருங்கே குறித்தது. பிளாரன்ஸ் நகரில் 1563-ல் தோன்றிய கலைக்கழகம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே ஏற்றது. பிரெஞ்சுக்காரர் பிற்காலத்தில் எண்ணத்திற்கு ஓர் எழுத்துக்கூட்டும், சித்திரத்திற்கு மற்றோர் எழுத்துக்கூட்டும் வகுத்தனர். உச்சரிப்பு மட்டும் ஒன்றே. ஆங்கிலத்திலோ இரு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-ல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் நம் நாட்டு நீர்ச்செம்பைப் பெரிதும் போற்றினர். கைக்கு அடங்கும் அளவு, எடை, ஊற்றும் வசதி, துலக்கும் எளிமை, விலை ஆகிய யாவும் சேர்ந்ததே அதன் டிசைன் என்பது அவர்கள் கருத்து. இவ்வறிக்கையின் விளைவாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

தறியடிச் சொற்கள்

நம் தொழிற்சொற்களும் இவ்வாறே பொருள் மாறியவை. ‘தானை’ என்பது ஆடை. முன்னே தொங்கும் தானை முந்தானை. கோத்து இணைப்பது கோர்வை. செய்முறையின் பெயரே இன்று சேலையின் பெயராயிற்று. ‘ஜரிகை’ பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. இன்று பொன் சிறிதும் இல்லாத இழையும் அப்பெயரையே தாங்குகிறது. பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் அமைத்த கருவிக்கு அவர் பெயர் வந்தது. பின்னர் அக்கருவியால் நெய்த துணிக்கும் அப்பெயரே ஆயிற்று.

சட்டத்தின் பொருள்

2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டம் இச்சொல்லைக் குறுக்கி ஆளுகிறது. கண்ணால் கண்டு மதிக்கத்தக்க வடிவம், உருவரை, அலங்காரம், கோடு அல்லது வண்ணச் சேர்க்கை மட்டுமே அதில் டிசைன் ஆகும். செய்முறை அதில் அடங்காது. எனவே கோர்வை போடும் முறையை டிசைனாகப் பதிவு செய்ய இயலாது. புதிதாக வரைந்த கரைச் சித்திரத்தைப் பதியலாம். பதிவுரிமை 10 ஆண்டுகள்; மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பத்திற்கு முன்பே பொதுமக்களுக்கு வெளியான டிசைன் பதிவுக்கு உரியதன்று. முதலில் விற்றுவிட்டுப் பிறகு பதியலாம் என்றிருக்கும் சங்கம் தன் நெசவாளரின் உழைப்பைப் பிறர் நகலெடுக்க விட்டதாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. தீர்மானங்களில் ‘புதிய டிசைன்’ என்று மட்டும் எழுதாது, சித்திரமா, வண்ணமா, நெசவு முறையா எனத் தெளிவாகக் குறித்தல்.
2. ‘ஜரிகை’ என எழுதுமிடத்தில் அதன் தரத்தையும் உடன் எழுதுதல்.
3. பதிவு பற்றிய முடிவை முதல் விற்பனைக்கு முன்னரே எடுத்தல்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் கூலி, சித்திரத்திற்கு உயர்கிறதா, நெசவின் கடினத்திற்கு உயர்கிறதா?
2. உங்கள் தறிச் சொற்களுள் பொருள் மாறியவை எவை?

சொல் தெளிவாயின் கணக்குத் தெளிவாகும். கணக்குத் தெளிவாயின் சங்கம் நிலைபெறும்.