குமிழியும் உயிர்ப்பும்

நிலையாமைக்கு நீர்க்குமிழியை உவமை கூறுதல் நம் புலவர் மரபு. மழைத்துளி வீழ்ந்த குட்டையில் எழுங் குமிழி விரைவில் அழிதலை யாவரும் அறிவர். ஆயின், அந்நீரிற் சிறிது சவர்க்காரத்தைக் கரைத்து ஊதுவோமாயின், குமிழி காற்றில் மிதந்து நெடும்பொழுது நிற்கின்றது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நீரினுள்ளே இருக்கும் மூலக்கூறு எல்லாப் பக்கங்களிலும் தன் இனத்தால் ஒருபடித்தாய் இழுக்கப்படுகின்றது. மேற்பரப்பில் உள்ளதற்கோ மேலே துணை இன்மையின், அஃது உள்நோக்கி இழுக்கப்படும். ஆதலின் நீர்ப்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் போன்று, எஞ்ஞான்றும் சுருங்கவே முயல்கின்றது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். சவர்க்காரம் இவ்விசையை மிகுவிக்கின்றது எனக் கருதுவாரும் உளர். உண்மை அதற்கு மாறானது. அஃது இவ்விசையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கின்றது. அன்றியும், படலம் ஓரிடத்தில் விரிந்து மெலியுமாயின், ஆண்டுச் சவர்க்காரம் அருகி இழுவிசை ஏறும். ஏறவே, அவ்விடம் சுற்றிலுமுள்ள நீரைத் தன்பால் இழுத்து மெலிவைத் தீர்த்துக்கொள்ளும். தூய நீருக்கு இவ்வுதவி இல்லை.

இனி ஒரு சோதனையை நோக்குவோம். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சிறியதும் பெரியதுமாக இரு குமிழிகளை ஊதி, இடைவழியைத் திறப்போம். இரண்டும் அளவில் ஒத்துவிடும் என எண்ணுவோம். நிகழ்வதோ வேறு: சிறியது சுருங்கித் தன் காற்றைப் பெரியதற்கே ஈந்துவிடும். ஆரம் பாதியாயின், குமிழியின் உள்ளே மிகும் அழுத்தம் இருமடங்காகும் என்பதே இதற்குரிய விதி.

நம் நுரையீரலும் உள்ளே ஈரம் படிந்த பல கோடி நுண்ணிய காற்றறைகளை உடையது. அவ்வீரம் வெறும் நீராயின், மூச்சு விடுந்தோறும் சிற்றறைகள் ஒடுங்கிவிடும். அதனைத் தடுத்தற்பொருட்டு, சவர்க்காரம் போன்று இழுவிசையைக் குறைக்கும் ஒரு பொருளை நுரையீரலே சுரக்கின்றது. கருவுற்ற காலத்தின் கடைத் திங்கள்களிலேயே இது போதிய அளவு சுரத்தலின், குறைமாதக் குழவிகள் பல மூச்சுத் திணறி மாண்டன. அவற்றின் நுரையீரலில் இப்பொருள் குறைந்திருத்தலை 1959ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் வெளியிட்டனர். எனினும் மருந்து கிட்டவில்லை. 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஆண்மகவு, ஐந்து வாரங்களுக்கு மேல் முந்திப் பிறந்து, இரண்டு நாளில் இந்நோயால் இறந்தது. 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா என்பாரும் அவர்தம் துணைவரும், மாட்டு நுரையீரலினின்று ஆக்கிய மருந்தைப் பத்துக் குழவிகளின் மூச்சுக்குழலிற் செலுத்தி, அவை செவ்வனே மூச்சு விடக் கண்டனர். இன்று இத்தகைய மருந்து பல நாடுகளில் வழங்குகின்றது.

குமிழியின் விதியை அறிந்தாரன்றோ இந்நோயின் காரணத்தையும் அறிந்தனர்! நிலையாமைக்கு உவமையாய குமிழி, குழவியின் உயிரை நிலைபெறுத்தும் நெறியையும் காட்டிற்று. ஆகலின், சிறுவர் விளையாட்டென இதனை எள்ளாது, நம் நண்பர்கள் ஊன்றி நோக்குவாராக.