கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள்

கேள்வி: டிசம்பரில் மகளோடு கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போனோம். சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே, ஏன்?
- வாசகி, ஈஜோக்

பதில்: மாதம் சரிதான், அம்மா. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அவை இங்கே இருக்கும். நேரம்தான் தவறியிருக்க வேண்டும். கடல் வற்றினால் உள்ளான்கள் சேற்றில் வெகுதூரம் பரவி மேயும். தொலைநோக்கியில்கூட வெறும் புள்ளிகள். நீர் ஏற ஏற, கூட்டமாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். அலையேற்ற அட்டவணையைப் பார்த்து, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். தஞ்சோங் காராங் கரையோரமும் நல்ல இடம்.

மகளுக்கு முதலில் பவளக்காலியைக் காட்டுங்கள். சிவந்த கால்கள், சுலபத்தில் பிடிபடும். பிறகு பட்டைவால் மூக்கன்: சற்றே மேல்வளைந்த நீண்ட அலகை அடிவரை சேற்றில் செருகிப் புழு தேடும். 2022இல் அந்த இனத்தின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாட்களில் சுமார் 13,560 கிலோமீட்டர் நிற்காமலே பறந்தது!

படம் எடுக்கவென்று கூட்டத்தை நெருங்காதீர்கள். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும், திரும்பும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்புதான் கரைகிறது.