சுவருக்குள் வெந்நீர்க் குழாய்: பூசுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

சித்திரையில் திருத்தணிக்காரரிடம் வெந்நீர்க் குழாயைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். வானிலை அறிக்கையின் வெயில் பட்டியலில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர் இது. மதியம் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர்தான் வரும். ஆனால் டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வந்து, 365 படியேறி இறங்கியவர்கள் விடுதி அறையில் முதலில் கேட்பது வெந்நீர். அதனால் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டரோ குளியலறையில் கீசரோ வைத்து, குழாயைச் சுவருக்குள் புதைக்கிறார்கள். சில மாதங்களில் அந்தக் குழாய் போன வழியிலேயே பூச்சில் ஒரு நீள விரிசல் விழுகிறது. கொத்தனார் சிமென்ட்டைக் குறை சொல்வார். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

வெந்நீருக்கு இன்று போடுவது சிபிவிசி குழாய். சூடேறினால் அது நீளும். பத்தடிக் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். சிமென்ட் பூச்சு அதில் ஆறில் ஒரு பங்குகூட நகராது. குழாயைக் கலவையால் இறுக்கிப் பிடித்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். எனவே குழாய்க்கு முதலில் பாலிஎத்திலீன் நுரை உறை மாட்டுங்கள். எல்போ திரும்பும் இடத்தையும் நுரையால் சுற்றுங்கள். குழாய் நீண்டு இடிப்பது அங்கேதான். இந்த உறையால் சூடும் வீணாகாது.

இனி காடி, அதாவது குழாயைப் புதைக்கச் சுவரில் வெட்டும் பள்ளம். முக்கால் அங்குலக் குழாயும் 9 மி.மீ. உறையும் சேர்ந்து 40 மி.மீ.; அதன்மேல் 20 மி.மீ. கலவை வேண்டும். பூச்சுக் கனம் போக, செங்கல்லுக்குள் கிட்டத்தட்ட 48 மி.மீ. வெட்ட வேண்டியிருக்கும். பாரம் தாங்கும் சுவரில் நெட்டுக்காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் முறையே 76, 38 மி.மீ. ஆக, குழாயை மேலிருந்து கீழாக இறக்கலாம், குறுக்கே ஓட்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் இரண்டுமே வேண்டாம். குழாய் வெளியிலேயே போகட்டும். அழகாக இருக்காதுதான், ஆனால் சுவர் பிழைக்கும். காடியின் இரு ஓரங்களையும் கட்டிங் மெஷினால் கீறிவிட்டு நடுவைக் கொத்துங்கள். வெறும் உளியும் சுத்தியலுமாக அடித்தால் பக்கத்துக் கல்லும் ஆடிவிடும். கரண்ட் வயரை இதே காடியில் விடாதீர்கள்.

இணைப்புகளை ஒட்டியபின் ஓரிரவு விட்டு, பிளம்பரைக் கைப்பம்பு கொண்டுவரச் சொல்லி அழுத்தச் சோதனை செய்யுங்கள். தண்ணீரால்தான், காற்றால் அல்ல. அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றால், அந்த அழுத்தத்தோடேயே பூச்சு வேலையை ஆரம்பிக்கலாம்: யாராவது ஆணியைத் தவறாக அடித்தால் அப்போதே தெரிந்துவிடும். மூடுவதற்கு முன் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட வருகிறவர் எங்கே துளை போடலாம் என்று கேட்பார்.

காடியின் தூசியைத் தட்டி, நன்றாக நனைத்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்ற கலவையால் அடைக்க வேண்டும். ஒரே வீச்சில் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் நம் ஊர்ப் பழக்கம். கனமான கலவை தொங்கும், சுருங்கும். பூச்சு மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்திக் கீறிவிட்டு, மறுநாள் கோழிவலையை இருபுறமும் அரையடி படியும்படி ஆணியடித்து இழுத்துக்கட்டி, அதன்மேல் கடைசிப் பூச்சு. வலை படியும் இடத்தில் பழைய பூச்சையும் கொத்தி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் மேடு தெரியும்.

கோடையில் இந்த வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்; சூடான வெளிச்சுவரானால் ஈரச்சாக்கு தொங்கவிடலாம். அந்த ஏழு நாளும் குழாயில் வெந்நீர் விடாதீர்கள். பட்டியும் பெயின்ட்டும் சுவர் முழுதும் காய்ந்த பிறகு.