ஓர் இயந்திரம் நின்றுவிட்டால்?

மாணவர்களே, உங்கள் கணினியிலுள்ள விமான சிமுலேட்டரில் டக்ளஸ் டிசி-3 இருக்கிறதா? 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்த விமானம் அது. மலாயன் ஏர்வேஸ் நிறுவனமும் அதைப் பயன்படுத்தியது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,200 குதிரைத்திறன் கொண்டது.

ஓடுபாதையிலிருந்து மேலெழுந்து, சக்கரங்களை உள்ளிழுத்ததும் இடது இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். (சிமுலேட்டரில்தானே, பயப்படாதீர்கள்!) பாதிச் சக்தியுடன் நேராகப் போகும் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் விமானத்தின் மூக்கு சட்டென்று இடப்பக்கம் திரும்பும். இடது இறக்கை தாழும்.

கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் அசையாது; கைப்பிடிப் பக்கம் தள்ளினால் எளிதில் திறக்கும். விசையை அது செயல்படும் செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். வலது இயந்திரம் நடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பதால், அது இழுக்கும்போது விமானத்தைத் திருப்பவும் செய்கிறது. இதுவரை இடது இயந்திரம் அதை ஈடுகட்டி வந்தது. இப்போதோ, காற்றில் வீணாகச் சுழலும் இடது விசிறி அந்தப் பக்கத்தைப் பின்னுக்கு இழுக்கிறது.

வலது காலால் சுக்கான் மிதியை அழுத்துங்கள். சுக்கான் வாலில், வெகு தூரத்தில் இருப்பதால் சிறிய விசையே பெரிய திருப்புத்திறனைத் தரும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க இயந்திரமே நின்றுவிட்டது என்பது விமானிகளின் கணக்கு. அதை உறுதிசெய்த பிறகே, அந்த விசிறியின் தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்ப வேண்டும். அவசரத்தில் நல்ல இயந்திரத்தை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது!

இனிதான் ஆபத்து. சுக்கானின் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். வலது இயந்திரத்தின் இழுவிசையோ அப்படிக் குறைவதில்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, மிதியை முழுவதும் அழுத்தினாலும் மூக்கு திரும்பிக்கொண்டே போகும். அப்போது சக்தியைக் கூட்டத்தான் கை துடிக்கும். கூட்டினால் விமானம் கவிழும். மாறாக, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பெற வேண்டும். நல்ல இயந்திரத்தின் சக்தியைச் சற்றுக் குறைக்கவும் வேண்டும். தரைக்கு அருகில் இதற்கு உயரம் போதாது. அதனால்தான் அந்த வேகத்தைத் தாண்டாமல் விமானிகள் தரையை விட்டு எழுவதில்லை.

அடுத்து வலது இயந்திரத்தை நிறுத்திப் பாருங்கள். தரமான சிமுலேட்டரில் இது சற்று எளிதாக இருக்கும். டிசி-3-இன் இரு விசிறிகளும் ஒரே திசையில்தான் சுழல்கின்றன. மூக்கு உயர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விசிறியிலும் கீழிறங்கும் வலப்பக்கத் தகடே அதிகம் இழுக்கிறது. அப்படியானால், இடது இயந்திரம் நின்றபோது எந்தத் தூரம் கூடியது? படம் வரைந்து கண்டுபிடியுங்கள்.