டிஷ்ஷுக்காக மரத்தை வெட்ட வேண்டாம். இடம் பார்ப்பது எப்படி?

வீட்டில் மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கு. பிள்ளைகள் பிஎம் இ-வித்யா பாடங்களையும் அதில்தான் பார்க்கிறார்கள். காற்று அடித்தால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. டிஷ் மாட்ட வந்தவர், "எதிரே நிக்கிற தென்னையை எடுத்துடுங்க, சரியாயிடும்" என்கிறார். கொஞ்சம் பொறுங்க. சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைத் தருவது ஜிசாட்-15 செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் அது நிற்கிறது. தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் தென்கிழக்கு. உயரம் ஏறக்குறைய 65 முதல் 69 டிகிரி. அதாவது, உச்சி வானத்துக்குப் பக்கத்தில்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். வீட்டு டிஷ்ஷின் முகம் எதிர் மரத்தைப் பார்ப்பதுபோல் தோன்றும். ஆனால், அந்த முகம் காட்டும் கோணத்தைவிட 20, 25 டிகிரி மேலே இருந்துதான் சிக்னல் வந்து விழுகிறது. அதனால், குறை சொல்லப்படும் மரம் பல நேரம் நிரபராதி! தலைக்கு மேலே நீண்டிருக்கும் பக்கத்து மாங்கிளையே காரணமாக இருக்கலாம்.

டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த தென்னையாக இருந்தாலும், அதன் ஓலை நுனியில் இருந்து 5 மீட்டர் தள்ளி டிஷ் இருந்தால் போதும். காற்றில் ஓலை ஆடுவதற்கும் சேர்த்து இன்னும் ஒரு மீட்டர் விடுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்கச் சூரியனே உதவும். மார்ச் நடுவில் காலை 11.15 மணி வாக்கிலும், செப்டம்பர் கடைசியில் 11 மணி வாக்கிலும் சூரியன் ஏறக்குறைய அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் திசையிலேயே நிற்கும். அப்போது மர நிழல் விழாமல், பளிச்சென்று வெயில் அடிக்கும் இடம் எதுவோ, அங்கே வைக்கலாம். (அந்த நாட்களில் சில நிமிடம் படம் தடைபட்டால் பயப்படாதீங்க, சூரியன்தான் காரணம்.)

மற்ற மாதங்களில் பிள்ளைகளின் பாகைமானி போதும். நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். டிஷ் வைக்கப்போகும் இடத்தில் நின்று, தென்கிழக்கே உள்ள மர உச்சியை அதன் நேர் விளிம்பு வழியாகப் பாருங்கள். நூல் 90-ல் இருந்து எத்தனை டிகிரி விலகுகிறதோ, அதுதான் மரத்தின் கோணம். 60-க்குள் இருந்தால் கவலை இல்லை. மற்ற டிடிஎச் நிறுவனங்களுக்குச் செயற்கைக்கோள் வேறாக இருக்கலாம். அப்படி இருந்தால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலைப் பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 அங்கே நடப்பில் உள்ளது. சொந்த இடத்து மரமானாலும் அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது.

டிஷ்ஷை இடம் மாற்றினால் கேபிள் சில மீட்டர் கூடும், அவ்வளவுதான். காய்க்கிற தென்னைக்கு முன்னால் அது ஒரு செலவா? மரத்தண்டில் மட்டும் டிஷ்ஷைக் கட்டாதீங்க. மரம் அசைந்தால் டிஷ்ஷும் திரும்பும். மொட்டை மாடி இல்லாவிட்டால் தரையில் இரும்புக் குழாயை நட்டு, கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். தென்கிழக்கில் மரக்கன்று ஏதாவது இருந்தால், அது இன்னும் எவ்வளவு உயரம் வளரும் என்பதையும் இப்போதே யோசித்துக் குழி தோண்டுங்கள்.