கதிரியக்கமும் மக்கள் அச்சமும்: செர்னோபில் – ஓர் ஆய்வு

தீயை நாம் அஞ்சுகிறோம். நெருங்கு முன்னரே அதன் வெம்மை நம்மை எச்சரிக்கிறது. வெள்ளத்தை அஞ்சுகிறோம், அதன் இரைச்சல் காதில் விழுகிறது. கதிரியக்கத்திற்கு இத்தகைய அறிகுறி எதுவும் இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கருவி ஒன்றே சொல்லும். கருவியை வைத்திருப்பவர் வாய் திறந்தால்தான் மற்றவர்க்குத் தெரியும். எனவே அணுமின் நிலைய விபத்தை அடுத்து மக்களிடையே எழும் அச்சத்தை ஆராய்வோர், கதிர்களை மட்டுமின்றி, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டியவராகின்றனர். மக்கள் அறியாமையால் அஞ்சினர் என்று ஒரே வரியில் முடித்து விடுவது எளிது. ஆனால் 1986ஆம் ஆண்டு நிகழ்ந்த செர்னோபில் விபத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், அஞ்ச வேண்டிய இடத்தில் அச்சம் இல்லாமலும், அஞ்ச வேண்டாத இடத்தில் அது மிகுந்தும் இருந்தமை புலனாகும். இவ்வாறு அச்சம் இடம் மாறிப் போனது ஏன் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விபத்தும் மௌனமும்

செர்னோபில் அணுமின் நிலையம் அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உக்ரேன் குடியரசில், அதன் தலைநகரான கீவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருந்தது. 1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை, பின்னிரவு 1 மணி 23 நிமிடத்திற்கு அதன் நான்காம் உலை வெடித்தது. மின்சாரம் திடீரென நின்று போனால், சுழன்று ஓயும் டர்பைனின் எஞ்சிய வேகத்தைக் கொண்டே பம்புகளைச் சிறிது நேரம் இயக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை அப்போது நடந்து கொண்டிருந்தது. பாதுகாப்பின் பொருட்டுச் செய்யப்பட்ட சோதனையே விபத்துக்கு வாயிலாயிற்று. மிகத் தாழ்ந்த திறனில் உலை நிலையற்று இயங்கிய வேளையில் அதனை நிறுத்தும் பொத்தானை அழுத்தினர். கட்டுப்பாட்டுத் தண்டுகளின் அமைப்பில் இருந்த ஒரு குறையினால், அவை உள்ளே இறங்கிய முதல் நொடிகளில் திறன் குறைவதற்கு மாறாகப் பன்மடங்கு ஏறியது. நீராவியின் அழுத்தம் தாங்காமல், ஆயிரம் டன்னுக்குக் குறையாத எடையுள்ள மூடி தூக்கி எறியப்பட்டது. உள்ளிருந்த கிராஃபைட்டுக் கட்டிகள் தீப்பற்றின. சுமார் 10 நாட்கள் கதிரியக்கப் பொருள்கள் வெளியேறிக் கொண்டே இருந்தன.

இவ்வகை உலையில் கிராஃபைட்டு மிகுதி. உலையைச் சுற்றி அடைத்து நிற்கும் தடித்த கான்கிரீட் கூடும் இல்லை. நம் நெல்லைச் சீமையில் கூடங்குளத்தில் உள்ள உலைகளும் ரஷ்ய நாட்டு வடிவமைப்பே எனினும், அவை நீரைக் கொண்டு இயங்கும் வேறு வகையின; கூடும் உடையன. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும்.

நிலையத்திற்கு 3 கிலோமீட்டர் தொலைவில் பிரிப்யாத் என்னும் புது நகரம் இருந்தது. அங்கே ஏறத்தாழ 49,000 பேர் வாழ்ந்தனர். அன்று சனிக்கிழமை, பள்ளிகள் நடந்தன, சிறுவர் தெருவில் விளையாடினர், திருமணங்களும் நிகழ்ந்தன. மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத்தான் மக்களை வெளியேற்றத் தொடங்கினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பேருந்துகள் வந்து நின்றன. சில நாட்களில் திரும்பி விடலாம் என்ற எண்ணத்துடன் கைப்பையோடு புறப்பட்டவர்கள் மீண்டும் அங்கே குடியேறவே இல்லை. இடைப்பட்ட ஒன்றரை நாளில் அந்நகரில் பெரும் பீதி எதுவும் எழவில்லை. இதனை மக்களின் மன உறுதி என்று பாராட்டலாமா? அவர்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதே உண்மை.

உலகம் இதனை அறிந்த விதம் இன்னும் வியப்புக்குரியது. ஏப்ரல் 28 திங்கட்கிழமை காலை, 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சுவீடன் நாட்டின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஊழியர் ஒருவரது காலணியில் ஒட்டியிருந்த தூசி எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கச் செய்தது. தங்கள் உலையே கசிகின்றது என்று அவர்கள் முதலில் எண்ணினர். பின்னர்க் காற்றின் திசையையும் தூசியில் இருந்த பொருள்களையும் ஆராய்ந்து, அது கிழக்கிலிருந்து வந்தது எனக் கண்டனர். அன்று இரவு 9 மணிக்கு மாஸ்கோ சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. அந்தச் சில வரிகள் விட்டுச் சென்ற இடத்தை வதந்தி நிரப்பிற்று. மேலைநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று 2,000 பேர் மாண்டனர் என்று எழுதியது. உண்மையில் அன்றிரவு இறந்தோர் இருவர். கதிர்வீச்சு நோய்க்கு ஆளானவரென உறுதி செய்யப்பட்ட 134 நிலைய ஊழியர், தீயணைப்போர் முதலியோருள் 28 பேர் அடுத்த சில திங்களில் உயிர் நீத்தனர். மே முதல் நாள் கீவ் நகரில் வழக்கம் போல ஊர்வலம் நடந்தது. சிறுவர் சிறுமியரும் அதில் சென்றனர். கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் இது குறித்துப் பேசியது மே 14ஆம் நாள்.

மறுபுறத்தில் பிரான்ஸ் நாட்டுத் தொலைக்காட்சி, வானிலைப் படத்தில் தன் நாட்டு எல்லையருகே போக்குவரத்துப் பலகை போன்ற 'நில்' என்னும் குறியைக் காட்டியது. மேகம் அதனை மதிக்கவில்லை. ஒருபுறம் மௌனம், ஒருபுறம் மிகை, இன்னொருபுறம் போலித் தேற்றம். இம்மூன்றில் எது மிகுந்த கேடு செய்தது என்று கேட்டால், மௌனமே என்பேன். அதற்கான காரணம் பாலில் இருக்கிறது.

பால் வழியே வந்த கேடு

உலையிலிருந்து வெளிவந்த பொருள்கள் பல. அவற்றுள் மக்கள் வாழ்வைத் தொட்டவை முதன்மையாக இரண்டு: அயோடின் 131, சீசியம் 137. முன்னதன் அரைவாழ்வு 8 நாள். அதாவது 8 நாளில் பாதியாகவும், 16 நாளில் கால் பங்காகவும் குறைந்து, 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பின்னதன் அரைவாழ்வு 30 ஆண்டு. 1986இல் மண்ணில் விழுந்த சீசியத்தில் 2016ஆம் ஆண்டில்தான் பாதி அழிந்தது.

விரைந்து அழியும் பொருள் தீங்கற்றது என்று மாணவர் கருதிவிடக் கூடாது. அயோடின் புல்லின் மேல் படிந்தது. பசு ஒரு நாளில் பரந்த நிலத்துப் புல்லை மேய்ந்தது. அந்நிலத்து அயோடின் பாலில் சேர்ந்தது. பால் குழந்தையின் வயிற்றுக்குச் சென்றது. உடலில் அயோடினைத் தேடிப் பற்றிக் கொள்வது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி. குழந்தைக்கு அச்சுரப்பி மிகச் சிறியது; அது குடிக்கும் பாலோ மிகுதி. எனவே ஒரே பாலைக் குடித்த தந்தையை விட மகளின் சுரப்பி பெற்ற கதிர்வீச்சு பல மடங்காயிற்று. பெலாரஸ், உக்ரேன் சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு பசு உண்டு. அங்கே முதல் சில மாதங்கள் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பாலும் போதும். நிறுத்துமாறு சொல்வார் இல்லை. சொன்ன இடங்களிலும் காலம் கடந்து சொன்னார்கள். அஞ்ச வேண்டிய பொருள் அந்தத் தம்ளர்ப் பால். அதை யாரும் அஞ்சவில்லை.

விளைவு நான்கைந்து ஆண்டுகளில் தெரிந்தது. குழந்தைகளிடம் மிக அரிதான தைராய்டுப் புற்றுநோய் பெலாரசில் பெருகுவதை அந்நாட்டு மருத்துவர் 1992இல் உலகுக்கு எடுத்துரைத்தனர். இத்துணை விரைவில் வர இயலாதே என்று மேலைநாட்டு வல்லுநர் சிலர் ஐயுற்றனர். மருத்துவர் சொன்னதே மெய்யாயிற்று. விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தோரில் 6,000க்கும் மேற்பட்டவர்க்கு 2005ஆம் ஆண்டுக்குள் இந்நோய் கண்டது. அறுவை மருத்துவத்தால் பெரும்பாலோர் பிழைத்தனர். அதுவரை இதனால் இறந்தோர் 15 பேர். ஆயினும் கழுத்தில் தழும்பும், வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் அவர்களுக்கு மிஞ்சின.

இதே வேளையில் அண்டை நாடான போலந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தன் நாட்டுக் கருவிகளே தந்த குறிப்பைக் கொண்டு, மாஸ்கோவின் விளக்கத்துக்குக் காத்திராமல், ஏப்ரல் 29 மாலையே போலந்து அரசு சாதாரண அயோடின் மருந்தை வழங்கத் தொடங்கியது. சுரப்பி முன்னதாகவே நல்ல அயோடினால் நிறைந்துவிட்டால், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிராது. இருக்கையெல்லாம் நிரம்பிய பேருந்தில் புதியவர் ஏற இயலாதது போல. ஒரு சில நாட்களில் சுமார் 1 கோடியே 5 லட்சம் குழந்தைகள் மருந்து உண்டனர். மேய்ச்சல் பசுக்களின் பால் விலக்கப்பட்டுப் பால்மாவு தரப்பட்டது. அங்கும் மக்கள் அஞ்சத்தான் செய்தனர். பெரியவர்கள் 70 லட்சம் பேர், தேவையில்லாமலே மருந்தை வாங்கிக் குடித்தனர். ஆனால் அவ்வச்சத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

அச்சமே தீங்கானபோது

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கதிர்வீச்சு உடலில் ஏற்படுத்தும் விளைவை மில்லிசீவர்ட் என்னும் அலகால் அளப்பர். விபத்து எதுவும் இல்லாமலே, மண், காற்று, விண்கதிர், உணவு ஆகியவற்றிலிருந்து மனிதன் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். தோரியம் கலந்த மோனசைட் மணல் நிறைந்த நம் மணவாளக்குறிச்சிக் கரையிலும், கொல்லத்தை அடுத்த சவறாவிலும் இது பல மடங்கு மிகும். கருநாகப்பள்ளி வட்டாரத்தில் பல்லாண்டு நடத்திய ஆய்வில், இதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

கிரேக்க நாட்டை மேகத்தின் ஒரு பகுதி கடந்து சென்றது. அங்கே மக்கள் பெற்ற அளவு, ஓராண்டில் ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட் என மதிப்பிடப்பட்டது; அதாவது இயற்கை தருவதில் பாதிக்கும் குறைவு. கருவுக்கு ஊனம் விளைவிக்கக் கூடியது எனக் கருதப்படும் அளவோ 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல். ஆயினும் பத்திரிகைகள் ஒன்று சொல்ல, அதிகாரிகள் வேறொன்று சொல்ல, மருத்துவரும் தெளிவின்றி நிற்க, கருவுற்றிருந்த மகளிர் கலங்கினர். 1987 ஜனவரியில் அந்நாட்டில் பிறப்புகள் எதிர்பார்த்ததை விடக் குறைந்து போயின. தொடக்க நிலையில் இருந்த கருக்களில் 100க்கு 23 கலைக்கப்பட்டன என்று ஏதென்சு மருத்துவ ஆய்வாளர் அவ்வாண்டே கணித்தனர். பெற்றோர் விரும்பிய கருக்கள் மட்டும் சுமார் 2,500. கதிர்வீச்சு கிரேக்கத்தில் இத்தனை உயிர்களைத் தொட்டிருக்க வழியே இல்லை. அத்தாய்மாரைப் பேதையர் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. ஐயமின்றி ஓர் எண்ணைச் சொல்லி, அதன் பொருளையும் விளக்கக் கூடிய ஒருவர் அவர்கள் பக்கத்தில் இல்லை.

இதற்கு 25 ஆண்டு கழித்து, 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா உலைகள் கடற்கோளால் சிதைந்தபோதும் இதன் சாயல் தெரிந்தது. சீன நாட்டு நகரங்களில் அயோடின் கலந்த உப்பு கடைகளில் ஒரே நாளில் தீர்ந்தது. ஒரு மாத்திரையில் உள்ள அயோடினை உப்பின் வழியே பெற வேண்டுமாயின் கிலோக் கணக்கில் உப்பைத் தின்றாக வேண்டும்! அதை நினைத்துச் சிரிக்கலாம். ஃபுகுஷிமாவில் நடந்த மற்றொன்று சிரிப்புக்குரியதன்று. அருகிலிருந்த மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்த நோயாளிகளை, மருத்துவத் துணையின்றி அவசர அவசரமாகப் பேருந்துகளில் ஏற்றினர். 50க்கும் மேற்பட்டோர் வழியிலும், சேர்ந்த இடத்திலும் மாண்டனர். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சன்று.

வரம்பு எண்ணும் நம்பிக்கையும்

எண்ணைச் சொல்லிவிட்டால் மட்டும் அச்சம் தீர்ந்துவிடுமா? சுவீடன் அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. வடக்கே பனிமான் மேய்க்கும் சாமி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அம்மான்கள் குளிர்காலத்தில் தின்பது லைக்கன் என்னும் ஒருவகைப் பாறைப்பாசி. அதற்கு வேர் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே உண்டு வளர்வது. ஆகவே சீசியத்தை அது முழுதாக உறிஞ்சியது. இறைச்சி கிலோ ஒன்றுக்கு 300 பெக்கரல் வரை இருக்கலாம் என்று முதலில் அரசு வரம்பு வகுத்தது. கொன்ற மான்களுள் பெரும்பகுதி தேறாமல் குழியில் புதைக்கப்பட்டன. 1987இல் அவ்வரம்பு 1,500 ஆக உயர்த்தப்பட்டது. பனிமான் இறைச்சியை நாட்டு மக்கள் சிறிதளவே உண்பர் என்பதால் அறிவியல் நோக்கில் இது தவறன்று. ஆனால் நேற்று நஞ்சு என்றது இன்று உணவாயிற்றே என்று கேட்ட இடையர்க்கு யாது விடை? அதே இறைச்சியை நாள்தோறும் உண்போர் அவர்களே அல்லவா?

பிரிட்டனில் வேல்ஸ் மலைப்பகுதியில் 1986 ஜூனில் ஆட்டு விற்பனைக்குத் தடை வந்தது. சில வாரங்களே நீடிக்கும் என்றனர். சமவெளியின் களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக் கொள்ளும்; புளிப்புத் தன்மையுள்ள மேட்டு நிலத்தில் களிமண் குறைவு; எனவே சீசியம் புல்லுக்கும் ஆட்டுக்குமாகச் சுழன்று கொண்டே இருந்தது. இம்மண்வேறுபாட்டை முதலில் கருதாது கணக்கிட்டனர். கடைசித் தடை நீங்கிய ஆண்டு 2012.

நம் நாட்டிலும் இவ்வச்சம் ஒருமுறை வழக்குமன்றம் ஏறியது. வெண்மைப் புரட்சித் திட்டத்திற்காக ஐரோப்பியச் சமூகம் கொடையாக வழங்கிய 200 டன் அயர்லாந்து வெண்ணெய் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. செர்னோபில் தூசி படிந்த புல்லை மேய்ந்த பசுக்களின் வெண்ணெய் இது, மக்களுக்கு விற்கலாகாது என்று மருத்துவர் ஒருவரும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளிற்று. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம், வெண்ணெயில் கதிரியக்கம் எவ்வளவு, அவ்வளவு இருந்தால் தீங்குண்டா என்ற வினாவை மூன்று வல்லுநர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தது. அனுமதிக்கப்பட்ட அளவை விட மிகக் குறைவாகவே உள்ளது, உண்பதால் தீங்கில்லை என்று அக்குழு அறிக்கை தந்தது. 1988இல் வழக்கு முடிந்தது. செர்னோபிலுக்கும் பம்பாய்க்கும் இடையே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். அங்கே பிரிப்யாத்தின் தாய்மார்க்கு ஒன்றரை நாள் வரை கிடைக்காத விடை, இங்கே ஒரு வெண்ணெய்க் கட்டியைப் பற்றி, கேட்டவர்க்கு எழுத்தில் கிடைத்தது.