ஆங்கிலம் படிப்போம்: 'டீட்' என்னும் சொல்



கொட்டாஞ்சேனையில் மாலை நேர ஆங்கில வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பம். இப்போது வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறார். கையில் ஆங்கிலக் கடிதம் ஒன்று.

"பாதர், காணி விசயமா இது வந்தது. 'டீட்' கொண்டு வரட்டாம். பேரன்ர அகராதியில பாத்தன், 'செயல்' எண்டு கிடக்கு. என்ன செயலைக் கொண்டுபோய்க் காட்டுறது?" என்று கேட்டார்.

அந்தச் சின்ன அகராதி ஒரு பொருளை மட்டும் தந்திருந்தது. இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டையும் இன்று படிப்போம்.

முதற்பொருள்: செயல்

'டூ' என்றால் செய். 'டிட்' என்றால் செய்தான், செய்தாள். 'டீட்' என்றால் செய்யப்பட்ட செயல். மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. 'எ குட் டீட்' என்பது நற்செயல். 'எ பிரேவ் டீட்' என்பது வீரச்செயல். சமைத்தல், கூட்டுதல் போன்ற அன்றாட வேலைகளுக்கு இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

இரண்டாம் பொருள்: உறுதி

காணி, வீடு பற்றிய பேச்சில் 'டீட்' என்றால் நாம் சொல்லும் உறுதிதான். எழுதி முத்திரையிட்டுக் கையளிப்பதே கொடுக்கல் வாங்கலை முடிக்கும் செயல் என்று பழைய ஆங்கிலச் சட்டம் கருதியது. அதனால் அந்த எழுத்துக்கும் அதே பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இருந்து திரும்பியவர்கள் இதைப் 'பத்திரம்' என்பார்கள்.

எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

கடிதங்களில் வரும் தொடர்கள்:

'டீட் ஒஃப் ட்ரான்ஸ்ஃபர்' – அறுதி உறுதி
'டீட் ஒஃப் கிஃப்ற்' – நன்கொடை உறுதி
'டவ்ரி டீட்' – சீதன உறுதி
'எக்சிகியூற் எ டீட்' – உறுதி முடித்தல். ('எக்சிகியூற்' என்பதற்கு மரணதண்டனை நிறைவேற்றல் என்றும் பொருள் உண்டு. பயப்பட வேண்டாம்.)

உச்சரிப்பில் கவனம்

'டீட்' என்பதை நீட்டிச் சொல்லுங்கள். 'டெட்' என்றால் இறந்த. 'டெற்' என்றால் கடன். கந்தோரில் போய் "என்னிடம் டெற் இருக்கிறது" என்றால், கடன்காரர் என்றுதான் எழுதுவார்கள்!

'பெர்மிற்' வேறு

குடியேற்றத் திட்டக் காணி பெற்றவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 'பெர்மிற்', அதாவது அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுக்கப்படுவது அது. படிவத்தில் 'டீட்' என்ற இடத்தில் பெர்மிற் இலக்கத்தை எழுதாதீர்கள். பெர்மிற் பற்றிய விசாரணைக்குப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

உறுதி தொலைந்தால்?

நொத்தாரிசு ஒருவர் உறுதியின் மூலத்தை உங்களிடம் தருகிறார். ஒரு பிரதியைத் தம்மிடம் வைக்கிறார். இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். ஆகவே உங்கள் கையில் இருந்த தாள் எரிந்தாலும் காணி உரிமை எரிந்துவிடாது. பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். போரில் ஏடுகள் சேதமடைந்த இடங்களும் உண்டு. அங்கே சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை வேண்டும்.

தேடுவதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் உதவும். அவை மறந்துபோனால், காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை, முன்னைய உரிமையாளர் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள்.

பயிற்சி

கீழே வரும் 'டீட்' செயலா, உறுதியா?

1. ஹி டிட் எ குட் டீட்.
2. பிளீஸ் பிறிங் த டீட்.
3. த நோட்டரி சைன்ட் த டீட்.

(விடை: 1 செயல், 2, 3 உறுதி.)

அந்த அம்மாவிடம் உறுதி இல்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது. ஆனால் காணியின் பெயரைக் கேட்டபோது தயங்காமல் சொன்னார். கிழக்கில் யார், வடக்கில் யார், மேற்கில் எந்த ஒழுங்கை, தெற்கில் யாருடைய பனங்காணி என்று அடுக்கினார். பேரப்பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் முதியவர்கள் இருப்பார்கள். இன்றிரவே அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகள் அவர்களுக்கு 'டீட்' என்ற சொல்லைப் படிப்பிக்கட்டும். அவர்கள் பிள்ளைகளுக்குக் காணியின் நாலு எல்லையையும் படிப்பிக்கட்டும்.